தலைக்கு ஆள்

இரவு ஒன்றே முக்கால். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. இந்தப் பக்கம் சலவைக்கூடம், அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரே ஒரு விளக்கு... அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சாலை முடியும் இடத்தில் மனநல அவசரப் பிரிவு. அந்தச் சாலையில் ஒரு நர்ஸ் தனியாக நடந்து போகிறாள். கையில் சின்ன ட்ரே, அதில் ஆறு ஊசி மருந்துக் குப்பிகள். குப்பிகள் ஒன்றோடொன்று இடித்து டிக் டிக்கென்று சத்தம். வேறு சத்தமே இல்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், சாரல் அடிக்கிறது. நம் வேனுக்கு டயர் மாற்றுகிற ஆள் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். வேனுக்குள் ஒன்பது பேர் ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, நான் ஒரு கதை சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. கடைசி சீட்டில் சிரிக்கிறவர் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை.

அந்த நர்ஸ் என் தோழியின் அண்ணி. நானும் அந்தத் தோழியும் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தவர்கள், அதனால் எனக்கும் அவள் அண்ணிதான். உயரம் ஐந்தடி கூட இல்லை. வாய் மட்டும் ஏழடி. ஆனால் வேலைக்குப் போய்விட்டால் அந்த வாய் எங்கே போகுமென்றே தெரியாது. அவ்வளவு மெதுவாகப் பேசுவாள்.

வேலை அப்படி. கத்திக்கொண்டு வருவார்கள். கையில் உடைந்த கண்ணாடியோடு வருவார்கள். தூங்கி எட்டு நாள் ஆனவர்கள், போலீஸ் வண்டியில் வந்தவர்கள், பெற்ற தாயையே அடையாளம் தெரியாதவர்கள். அவர்களை அடக்குவது வேறு, அமைதிப்படுத்துவது வேறு என்பாள் அண்ணி. நேருக்கு நேர் நிற்கக் கூடாது, கொஞ்சம் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரண்டு கையும் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் மறிக்கக் கூடாது. அறைக்குள் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர்தான் பேச வேண்டும். அவர்கள் ஏதாவது தெரிகிறது என்று சொன்னால், அங்கே ஒன்றுமில்லை என்று வாதாடக் கூடாது. எங்கே தெரிகிறது, என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

"அதுக்கு எதுக்கு இவ்வளவு? ஒரு ஊசி போட்டா படுத்துடுவாங்கல்ல?" என்கிறார் நம் டிரைவர் அண்ணன்.

எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள் அண்ணே. ஊசி போட முதலில் ஆள் அசையாமல் இருக்க வேண்டாமா? எதுவுமே பலிக்காவிட்டால் கடைசியாகத்தான் பிடிப்பது. அதற்கு ஐந்து பேர் வேண்டும். இரண்டு கைக்கு இருவர், இரண்டு காலுக்கு இருவர், தலைக்கு ஒருவர். அதில் தலைக்கு நிற்பவர்தான் முக்கியம். முகம் எங்கேயும் புதையாமல், மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவர் பொறுப்பு. ஒருவர் வரிசையாகக் கேட்பார்... வலது கை? பிடிச்சாச்சு. இடது கை? பிடிச்சாச்சு. இப்படியே போய்க் கடைசியில், தலை? பிடிச்சாச்சு. அந்தக் கடைசிப் பதில் வந்த பிறகுதான் கட்டிப்போடுகிற பெல்ட்டைத் தொடலாம். விடும்போது தலைதான் முதலில். தலை விடாமல் மற்ற நாலு பேரும் விடக் கூடாது. விட்டால் கழுத்து முறியும்.

அந்த வார்டில் இருபது வருஷமாகத் தலைக்கு நின்றது ஒரே ஆள். ஐம்பத்தெட்டு வயது ஆளையும் அங்கே வார்டு பாய் என்றுதான் சொல்வார்கள், ஆனால் இவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைக்காரர் என்றே பெயர். பெரிய கைகள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும், எப்போதும் வலிக்கும். அதற்காக ஒரு தலைவலித் தைலத்தை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டே இருப்பார். அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். அவர் பிடித்தால் ஆள் அசைய மாட்டான் என்று டாக்டர்களே பெருமையாகச் சொல்வார்கள்.

அசைய மாட்டான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணும் அசையவில்லை. கல்லூரியில் படிக்கிற பெண், ஒல்லியான உடம்பு. மூன்றாம் நம்பர் அறையில் குப்புறப் போட்டுப் பிடித்தார்கள். அன்றைக்கு இடது காலுக்கு நின்றது நம் அண்ணி. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். அந்தக் கால் உதறிக்கொண்டே இருந்தது... அப்புறம் உதறவில்லை. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். தலைக்காரர் முகத்தை மெத்தையோடு அழுத்திக்கொண்டு, டாக்டர் விடச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி வாயைத் திறக்கவில்லை. மாரடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. கீழே ஐந்து கையெழுத்து. அதில் ஒன்று அவளுடையது.

தலைக்காரர் அதற்கப்புறமும் ஆறு வருஷம் வேலை பார்த்தார். ஒரு நாள் நைட் டியூட்டியில், அந்த அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. காலையில்தான் பார்த்தார்கள். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி விறைத்திருந்ததாம். மடக்கவே முடியவில்லையாம். அப்படியே துணியைப் போர்த்தித் தூக்கிப் போனார்கள்.

ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள்? இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே நான்.

சரி, ஒன்றே முக்காலுக்கு வருவோம். இது போன வருஷம். அன்றைக்கு ராத்திரி ஒரு லிப்ட் மெக்கானிக்கைக் கொண்டு வந்திருந்தார்கள். இருபத்தாறு வயது. ஐந்து நாளாகத் தூக்கமில்லை. லிப்ட் கயிறு அறுந்துவிட்டது, எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டே இருந்தான். கூட வந்தது அவன் அக்கா மட்டும். வரும்போதே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், சின்ன வயசுலருந்து இவனுக்கு மூச்சு இழுப்பு இருக்கு. என்ன வேணா பண்ணுங்க, முகத்தை மட்டும் அமுக்கிடாதீங்க."

"யாரும் அமுக்க மாட்டாங்க. நான் இருக்கேன்," என்றாள் அண்ணி.

வாக்குக் கொடுத்துவிட்டாள். அவனோடு நாற்பது நிமிஷம் பேசினாள். கொஞ்சம் அடங்கி, தண்ணீர் கூட வாங்கிக் குடித்தான். மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஆனால் அலமாரியில் அவசர ஊசி மருந்து ஒன்றுகூட இல்லை. யாரோ முடித்துவிட்டு எழுதி வைக்காமல் போயிருக்கிறார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அப்படி ஒருவனோடு இரவைக் கடத்த முடியாது. சரி, பத்து நிமிஷ வேலைதானே என்று, வார்டில் இருந்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். கிட்டப் போகாதீங்க, கதவைச் சாத்தாதீங்க, யாரும் பேசாதீங்க. மூன்றே மூன்று விஷயம். மருந்துக் கிடங்குக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான் அந்தச் சாலை. நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். தைல வாசனை... அவளுக்கு முன்னால், வார்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிற யாரோ விட்டுப்போன மாதிரி. சாலையில் ஆள் இல்லை. யாராவது தலைவலிக்குப் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஏனோ ஓட ஆரம்பித்தாள்.

அவள் போன நேரத்தில் வார்டில் நடந்தது இதுதான். மெக்கானிக் எழுந்து கதவை நோக்கி நடந்திருக்கிறான். அவ்வளவுதான். அவனுக்குக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்திருக்கும். செக்யூரிட்டி பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். அவன் கத்தினான். இவர்கள் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் மேல்மாடியில் தூக்கக் கலக்கத்தில், கட்டுங்க என்றார். நாலு பேர்தான் இருக்கோம் சார் என்று வயதான வார்டு பாய் சொல்லிப் பார்த்திருக்கிறார். இருக்கிறவங்கள வச்சுக் கட்டுங்கய்யா என்று பதில்.

மூன்றாம் நம்பர் அறை. குப்புறப் போட்டுவிட்டார்கள். செக்யூரிட்டி வலது கை. பாடி பில்டர் என்று பெயரெடுத்த பையன் இடது கை. துப்புரவுப் பணியாளர் அக்கா வலது கால். வயதானவர் இடது கால். தலைக்கு ஆள் இல்லை. போன் ஸ்பீக்கரில் போட்டபடி தள்ளுவண்டியில் கிடக்கிறது.

அண்ணி கதவைத் தள்ளித் திறந்த நேரம், வயதானவர் பழக்க தோஷத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலது கை?"

"பிடிச்சாச்சு."

"இடது கை?"

"பிடிச்சாச்சு."

"வலது கால்?"

"பிடிச்சாச்சு."

"இடது கால் நான் பிடிச்சாச்சு. தலை?"

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பிடிச்சாச்சு."

யார் சொன்னது? நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கரகரப்பான, பொறுமையான ஒரு ஆண் குரல்... கட்டிலின் தலைமாட்டிலிருந்து. அங்கே சுவர் மட்டும்தான் இருந்தது. ஆனால் மெக்கானிக்கின் முகம் மெத்தைக்குள் இறங்கிக்கொண்டே போனது. மெத்தையின் ரெக்ஸின் உறை கிரீச் கிரீச்சென்று இழுபட்டது. அறை முழுக்கத் தைல வாசனை, கண் எரிகிற அளவுக்கு.

நாலு பேரும் பிடித்த பிடி பிடித்தபடி சிலையாக நின்றார்கள். அண்ணி ட்ரேயைத் தரையில் போட்டாள். ஆறு குப்பியும் உடைந்தது. ஒரே பாய்ச்சலில் போய், இரண்டு கையையும் அவன் முகத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகினாள். அவன் மூக்கு அவள் உள்ளங்கையில் இடித்தது. மூச்சு... இருந்தது. நூல் மாதிரி இருந்தது. அவன் பின்னந்தலையை அழுத்துகிற பாரம் முழுக்க இப்போது அவள் விரல்களில் வந்து இறங்கியது. எலும்பு நொறுங்குகிற வலி. விரல்களை வில்லாக வளைத்து, காற்று போக ஒரு குழியை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டாள்.

"என்ன சத்தம்? கட்டியாச்சா?" என்றது போன்.

பாரம் இன்னும் கூடியது. டாக்டர் குரல் கேட்டதும் கூடியது.

"கட்டலை சார். கட்ட மாட்டோம்."

"நான் ஆர்டர் போட்டிருக்கேன் சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. எழுதிக்கோங்க. நேரத்தையும் சேர்த்து எழுதிக்கோங்க." துப்புரவு அக்காவைப் பார்த்தாள். "அக்கா, அந்தப் போனை அணைங்க."

அக்கா ஒரு கையை நீட்டி அணைத்தார். இப்போது அறையில் ஒரே ஒரு குரல்தான். அண்ணியின் குரல். அதைத் தாழ்த்திக்கொண்டாள். யாரிடம் பேசுகிறோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணே. உங்களுக்கு விரல் வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். இருபது வருஷம் பிடிச்சீங்க. டியூட்டி முடிஞ்சுது. இப்ப விடலாம்."

பாரம் குறையவில்லை. அவள் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு ஒரு தரம் தவறியது. மறுபடி வந்தது. மறுபடி தவறியது.

அந்த இடத்தில்தான் அண்ணிக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. வார்டில் அவள் சத்தம் போட்டது அது ஒன்றுதான் முதலும் கடைசியும்.

"அன்னிக்கு நான் காலைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன். கேக்குதா? அந்தப் பொண்ணு மாரடைப்புல சாகலை. நீங்க அமுக்கிச் செத்தா. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவை போட மாட்டேன். இங்க டாக்டர் இல்ல. இந்த ராத்திரி இந்த வார்டுக்கு நான்தான். நான் சொல்றேன்... தலை, விடு!"

வயதானவர் அழுதுகொண்டிருந்தார். பாடி பில்டர் பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

பிறகு, கட்டிலின் தலைமாட்டிலிருந்து... ரொம்ப மெதுவாக...

"விட்டாச்சு."

மெத்தை உப்பி எழுந்தது. மெக்கானிக் இழுத்த மூச்சின் சத்தம் வராண்டாவில் நின்ற அவன் அக்காவுக்குக் கேட்டதாம். வலது கை, இடது கை, கால்கள்... முறைப்படி ஒவ்வொன்றாக விடச் சொன்னாள். எல்லோரையும் வெளியே அனுப்பினாள். கதவை ஒரு நாற்காலி வைத்துத் திறந்து வைத்தாள். அவனுக்கு இழுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, தரையில், அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். விரல் பத்தும் வீங்கி ஊதாவாகிவிட்டது. அந்தக் கையைத்தான் மடியில், அவனுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

அதிகாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரையை அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். கண் சொருகுகிற நேரத்தில் சொன்னான்.

"அந்த ஆள் போகலை சிஸ்டர்."

அண்ணி வாதாடவில்லை. "எங்க நிக்கிறாரு?"

"உங்க பின்னாடி. ரெண்டு கையையும் உங்க தலைக்கு நேரா நீட்டிக்கிட்டு."

"தொடுறாரா?"

"இல்ல. ஒரு முழம் தள்ளித்தான் இருக்கு."

"அப்ப இருக்கட்டும். நீ தூங்கு," என்றாள்.

மெக்கானிக் பிழைத்துக்கொண்டான். இப்போது வேலைக்குக் கூடப் போகிறான். அண்ணிக்குத்தான் மெமோ வந்தது. டாக்டர் உத்தரவை மீறியது ஏன்? ஆறு குப்பி மருந்தை வீணாக்கியது ஏன்? அவள் உட்கார்ந்து பதினொரு பக்கம் பதில் எழுதினாள். அந்த ராத்திரியை எழுதினாள். அந்தக் கல்லூரிப் பெண் செத்த ராத்திரியையும் எழுதினாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியே ஆடிப்போனது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார்கள். மனசு சரியில்லாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி கொடுத்தால் போதும், பகல் டியூட்டி, நல்ல வார்டு, மெமோவும் ரத்து. அண்ணி சிரித்தாளாம். எனக்கு அதே வார்டு, அதே நைட் போதும் சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் டியூட்டியில் ஒருவரைக்கூடக் கட்டவில்லை. நம்புங்கள், நம்பாமல் போங்கள். எப்பேர்ப்பட்ட ஆவேசத்தில் வந்தாலும், அண்ணி எதிரில் வந்து பக்கவாட்டில் நின்றதும் அவர்கள் பார்வை அவள் தலைக்குப் பின்னால் போகும். சத்தம் அப்படியே அடங்கிவிடும். அமைதியானதும், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். உங்க பின்னாடி அவர் ஏன் அப்படி நிக்கிறாரு?

அண்ணியும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். கை எவ்வளவு தூரத்துல இருக்கு?

முதலில் முழக் கணக்குதான். மழைக்காலத்தில் ஒரு டீச்சர், ஒரு சாண் என்றாள். அந்தப் பெண்ணின் சாவைப் பற்றிய விசாரணை தொடங்கியதற்கு அப்புறம் அது. போன செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரர் வந்தார். கத்திரிக்கோலைப் பிடுங்கவே அரை மணி நேரம் ஆனதாம். அவர் கையைத் தூக்கி நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

இதை அண்ணி சொன்னது மறுநாள் சாயங்காலம், வேலைக்குக் கிளம்பும்போது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். என் தோழி அழுதே விட்டாள்.

"லீவு போடுங்க அண்ணி. அந்தக் கடிதமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"கடிதம் அப்படியேதான் இருக்கும். நான் லீவு போட்டா அந்தக் கை சும்மாவா இருக்கும்? வேற தலையைத் தேடும்டி. தேடட்டும்னு விட்டுட்டு வீட்ல படுத்துத் தூங்கச் சொல்றியா?"

கண்ணாடி முன்னால் நின்று தலையைப் படிய வாரினாள். வாசலுக்கு வந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். என் தோழி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாரிய முடி... இரண்டு காதுக்கும் மேலே... மெதுவாக அமுங்கியது. இந்தப் பக்கம் ஐந்து குழி. அந்தப் பக்கம் ஐந்து.

அண்ணி நிமிர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஈயை ஓட்டுகிற மாதிரி, புறங்கையால் தலைக்குப் பின்னால் ஒரு தட்டு.

"கையை எடு. இன்னும் டியூட்டி ஆரம்பிக்கலை," என்றாள். பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.